சாண்ட்விச் பேனல்: வெப்பக்காவற் பலகை

இரண்டு மெல்லிய உருக்குத் தகடுகளுக்கு நடுவே வெப்பத்தை எளிதிற் கடத்தாத ஒரு பொருளை நிறுத்தி, மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதபடி பிணைத்து, தொழிற்சாலையிலேயே செய்து முடித்து, கட்டடம் எழும் இடத்தில் பூட்டுவதற்கு மட்டும் ஆயத்தமாக அனுப்பப்படும் சுவர்த்துண்டும் கூரைத்துண்டும் வணிக வழக்கில் ‘சாண்ட்விச் பேனல்’ எனப்படுகின்றன. குளிர் களஞ்சியங்களுக்கும் வேலைத்தள அலுவலகங்களுக்கும் உரியதாகவே நெடுங்காலம் அறியப்பட்ட இப்பொருள் இன்று வீட்டுக்கும் விலை பேசப்படுகிறது. தகரக் கூரையின் கீழ்க் குளிரோடும் மழையோடும் வாழும் இலங்கை மலையகத்தில் அதன் பெயர் தெளிவாக இருப்பது அவசியம். பெயர் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை அறியாமல் பணம் கொடுப்பவர் உள்ளே இருப்பதை அறியாமலே வாங்குகிறார்.

‘சாண்ட்விச்’ முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்த அந்தப் பழைய துறைமுகப் பட்டினத்தின் பெயருக்கு, மணற்பாங்கில் அமைந்த வணிகத்தலம் என்பது பழைய ஆங்கிலத்தின் வழிவந்த பொருள். அவ்வூரின் பெயரால் பட்டம் பெற்ற பிரபுக்களுள் நான்காமவரான ஜோன் மொன்டாகு (1718–1792) இரு பாண் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்து உண்டதால் அவ்வுணவுக்கு அவர் பெயர் ஏறிற்று என்பர். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிபன் 1762ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் அவ்வுணவை அப்பெயராலேயே குறித்துள்ளார். கடினமான இரு முகங்களுக்கு நடுவே இலேசான பொருளைப் பிணைக்கும் அமைப்பைப் பொறியியலாளர் கையாளத் தொடங்கியபோது உணவின் பெயர் அதற்கும் வந்து சேர்ந்தது. இவ்வமைப்புக்குப் புகழ்தேடித் தந்தது, 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த மொஸ்கிட்டோ போர்விமானம். அதன் உடல் மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்யப்பட்டது. இவ்வாறு பல கைமாறி வந்த பெயர் அடுக்கின் ஒழுங்கை மட்டுமே சொல்கிறது. அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது, எதனால் ஆனது என்பவை அதில் இல்லை.

‘பேனல்’ துணியைக் குறிக்கும் ‘பன்னுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, துணித்துண்டு என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதைப் பற்றிக் கூற வேண்டியது அவ்வளவே.

ஆனால் இப்பலகை செய்யும் வேலைக்கு, அதாவது வெப்பத்தைக் கடத்தவிடாமல் தடுப்பதற்கு, ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்சுலேஷன்’ என்ற சொல்லில் நின்று நோக்க வேண்டியது உண்டு. தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற இலத்தீன் சொல் அதன் வேர். ஒன்றைத் தீவுபோலத் துண்டித்து வைப்பது என்பதே அதன் முதற்பொருள். தமிழ் இவ்வழியிற் செல்லவில்லை. இலங்கையின் தமிழ்மொழிமூல விஞ்ஞானக் கல்வியில் வெப்பத்தையோ மின்னையோ கடத்தும் பொருள் கடத்தி, கடத்தவிடாதது காவலி, அவ்வாறு செய்யும் செயல் காவலிடல். தமிழகத்தில் இதே பொருளுக்குப் பெரும்பாலும் ‘காப்பு’ வழங்குகிறது. இரண்டும் ‘கா’ என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை, இரண்டும் நல்ல சொற்கள். இருந்தும் ஹட்டனிலோ பதுளையிலோ படிக்கும் பிள்ளை வகுப்பறையில் ஏற்கனவே கற்ற சொல் காவலி என்பதால், இங்கு வழங்கவேண்டிய கலைச்சொல்லை அதன்மேல் அமைப்பதே முறை என்று கருதுகிறேன். வெப்பத்தைக் காவலிடும் பலகை வெப்பக்காவற் பலகை. ‘காவற்பலகை’ என்று மட்டும் சொன்னால் பொலிஸ் காவலரணின் அறிவிப்புப் பலகையோ என்ற மயக்கம் வரும். முன்னொட்டாக வரும் ‘வெப்பம்’ அதை நீக்குகிறது.

இந்தப் பெயருக்கு எதிராகப் பலர் முன்வைக்கக்கூடிய சொல் ‘இடைச்செருகு பலகை’. சாண்ட்விச் என்பதை நேரே பெயர்த்தால் அப்படித்தான் வரும். அது ஏன் பொருந்தாது என்பதை அறிய, பலகை தொடர் உற்பத்தி முறையில் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையை, தோட்ட வழக்கில் ‘ஸ்டோரை’, அறிந்தவர்களுக்கு இம்முறையை விளக்குவது எளிது. பழைய முறைத் தேயிலையில் வாடிய கொழுந்து ரோலரில் ஒரு கொள்ளளவு இடப்பட்டு, உருட்டி முடிந்ததும் இறக்கப்பட்டு, அடுத்த கொள்ளளவு ஏற்றப்படும். அது தொகுதி முறை. உலர்த்தியிலோ ஒரு முனையில் தூள் இடைவிடாது ஏற, நகரும் தட்டுகளில் அது ஊர்ந்து சென்று, மறுமுனையில் உலர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் உள்ளே இருக்க வேண்டும் என்பதை நகரும் வேகமே தீர்மானிக்கும். அது தொடர் முறை. பலகைகளையும் இரு வழிகளிலும் செய்யலாம். தொகுதி முறையில் தகடுகளை அழுத்தியொன்றினுள் வைத்து, நடுவே நுரையை ஊற்றி, இறுகும்வரை காத்திருந்து எடுப்பர். பலகையின் நீளம் அழுத்தியின் நீளத்தைத் தாண்டாது. தொடர் முறைக்கு அந்த எல்லை கிடையாது.

தொடர் வரிசையின் தலைப்பில் நிறம் பூசிய நாகமுலாம் உருக்குத் தகட்டுச் சுருள்கள் இரண்டு, மேல்முகத்துக்கொன்றும் கீழ்முகத்துக்கொன்றுமாக, சுழன்று விரிகின்றன. தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. வரிசையாக நிற்கும் உருளைகளுக்கிடையே செல்லும்போது தகடு வரியும் நெளியும் பெற்று, அடுத்த பலகையோடு பூட்டிக்கொள்ளும் ஓர விளிம்பும் மடிக்கப்படுகிறது. பின்னர் தகடுகள் இளஞ்சூடாக்கப்படுகின்றன. குளிர்ந்த தகட்டில் நுரை நன்றாகப் பற்றாது. அடுத்து, பொலியோல், ஐசோசயனேற்று என்னும் இரு திரவங்கள் உயர் அழுத்தத்திற் கலந்து, கீழ்த்தகட்டின் அகலமெங்கும் மெல்லிய படையாக வீழ்த்தப்படுகின்றன. சில வினாடிகளில் திரவம் வெளிறிப் பொங்கத் தொடங்குகிறது. பொங்கும் அந்த நுரையோடு இரு தகடுகளும், மேலும் கீழுமாக ஓடும் இரட்டைப் பட்டைக்குள் நுழைகின்றன. சூடேற்றப்பட்ட அப்பட்டைகள் தமக்கிடையே குறித்த இடைவெளியை விடாமற் காத்துக்கொண்டு ஓட, அந்த இடைவெளியே பலகையின் தடிப்பாகிறது. நுரை மேலெழுந்து மேல்தகட்டைத் தொட்டு, தன் பசையாலேயே அதனோடு ஒட்டி, இறுகி, முடிவில்லாத ஒரே நீண்ட பலகையாக வெளிவருகிறது. ஓட்டத்தை நிறுத்தாமலே அதை வெட்ட, வாள் பொருத்திய வண்டியொன்று பலகையின் வேகத்திலேயே அதனோடு ஓடிக்கொண்டு குறுக்கே அறுத்து, மீண்டும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அறுத்த துண்டுகளை உடனே இறுக அடுக்கிவிடக் கூடாது. உள்ளே இன்னும் சூடு இருப்பதால், ஆறவிடாவிட்டால் அவை வளையவோ வீங்கவோ கூடும்.

இங்கே எதுவும் செருகப்படவில்லை. நடுப்பொருள் இரு தகடுகளுக்கும் இடையிலேயே பிறந்து, பிறந்த கணத்திலேயே அவற்றோடு ஒன்றாகிறது. பலகையின் வலிமையும் அந்த ஒட்டிலேயே இருக்கிறது. ஒரு தகட்டைத் தனியே எடுத்தால் கையாலேயே வளைக்கலாம். நுரையைத் தனியே எடுத்தால் விரலாலேயே நொறுக்கலாம். இரு தகடுகளையும் விலக்கி நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் நடுப்பொருள் பிடித்துக்கொள்வதால், சுமை வரும்போது ஒரு முகம் அமுக்கத்தையும் மற்றது இழுவையையும் தாங்கிப் பலகை விறைப்பாக நிற்கிறது. ஒட்டு விட்டுப்போன பலகை வெறும் இரண்டு தகரங்கள்தான். ‘செருகு’ என்ற சொல் இந்த உயிர்நிலையையே தவறவிட்டுவிடுகிறது.

வெளியே வன்மை, உள்ளே மென்மை என்ற இவ்வமைப்புக்குத் தமிழில் மிகப் பழைய சொல் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் பனை, மூங்கில் போன்றவற்றைப் புறக்காழ் உடையன என்று கூறிப் புல்லினத்திலும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை அகக்காழ் உடையன என்று கூறி மரத்தினத்திலும் சேர்க்கிறது. ‘புறக்காழ்ப் பலகை’ என்று பெயரிட்டால் இதன் பொறியியல் தத்துவம் ஒரு சொல்லில் அடங்கிவிடும். அழகான பெயர், ஆனால் கடையில் நின்று கேட்பவருக்கு உரை தேவைப்படும் பெயர். அமைப்பியல் பாடத்தில் இவ்வகைக் கட்டமைப்புகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக அதை வைத்துக்கொள்ளலாம்.

பலகைக்குப் பதிலாகத் ‘தட்டி’ அல்லது ‘படல்’ என்று சொல்வதிலும் நியாயம் உண்டு. முன்கூட்டியே அளவாகச் செய்து, கால்களுக்கிடையே நிறுத்திக் கட்டுவது தட்டி. வெப்பக்காவற் பலகையும் உருக்குச் சட்டகத்தின்மேல் அவ்வாறே பூட்டப்படுகிறது. செயலால் நோக்கினால் அச்சொல்லே நெருங்கியது. ஆயினும் நான் அதை ஏற்கவில்லை. தட்டி என்றால் தற்காலிகமானது, வசதியற்றவர் மறைப்புக்குக் கட்டுவது என்ற நினைவு அச்சொல்லோடு வருகிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பைக் குறித்த ஆங்கில ‘லைன்’ என்பதைப் பல தலைமுறைகளாக ‘லயம்’ என்று தம் வாயில் வைத்து, ‘காம்பரா’ எனப்படும் அந்த லயத்து அறையை விட்டு நிலையான சொந்த வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் மக்களிடம், உங்கள் புதிய வீட்டின் சுவர் தட்டி என்று சொல்லும் கலைச்சொல்லை நீட்டுவது தகாது. பலகை அந்தத் தாழ்வுக் குறிப்பு இல்லாதது. யாழ்ப்பாணத்தில் வேலியின் வாயிற்கதவு படலை எனப்படுவதால் படலிலும் குழப்பம் உண்டு.

அடுத்து நடுப்பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். மின்மாற்றியின் நடுவேயுள்ள மெல்லிரும்பையும் புவியின் நடுப்பகுதியையும் இங்குள்ள பாடநூல்கள் ‘அகணி’ என்கின்றன. பனை தென்னைகளின் உட்புறத்துக்குப் பழைய பெயரும் அதுவே. ஆகவே பலகையின் நடுப்பொருள் அகணி. இரு வெளிப்புறங்களும் முகத்தகடுகள்.

அகணியின் வகையைச் சொல்லாத பெயர் முழுமையான பெயரன்று. சந்தையில் நான்கு வகை வழங்குகின்றன. முதலாவது பொலியூரித்தேன் நுரை. அதன் வேதியியலை 1937இல் ஜேர்மனியின் லெவர்குசனில் ஒட்டோ பாயரும் அவரோடு பணியாற்றியோரும் கண்டறிந்தனர். இரண்டாவது அதன் உறவான பொலியைசோசயனுரேற்று. தீயில் கருகி மேற்படை கட்டுவதால் முன்னதைவிடத் தாக்குப்பிடிக்கும். இவ்விரண்டையும் பொங்கவைக்க முன்பு பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையைக் கெடுத்ததால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின்னர் கைவிடப்பட்டு, பென்ரேன் முதலியவை அவற்றின் இடத்துக்கு வந்தன. மூன்றாவது பொலிஸ்டைரீன் நுரை, நம்மவர் ‘ரிஜிபோம்’ என்பது. விலை குறைந்தது, ஆனால் வெப்பத்தில் இளகி உருகி எரியக்கூடியது. நான்காவது பாறையை உருக்கி நூலாக்கிய கம்பளி. இது எரியாது, ஆனால் நுரையைப் போல் தானாக ஒட்டாததால், கீற்றுகளாக வெட்டி, நார்கள் முகத்தகடுகளுக்குச் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி, பசையிட்டுப் பிணைக்கப்படுகிறது. ‘இடைநுரைப் பலகை’ என்ற பெயர் பொதுப்பெயராக முடியாததற்கு இந்த நான்காவது வகையே காரணம்.

இந்த நான்காவதைப் ‘பாறைக் கம்பளி’ என்றே சொல்ல வேண்டும். கல்நார் என்று மொழிபெயர்ப்பது பெருந்தவறு. கல்நார் அஸ்பெஸ்டஸுக்கு உரிய பெயர். நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் அந்தப் பொருள் கூரைத்தகடுகளாக இன்னும் நம் தலைகளுக்கு மேலே இருக்கையில், இரு பொருள்களும் ஒரே பெயரில் வழங்குவது ஆபத்தானது. கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குக் கம்பளி போர்த்திய மண்ணில் பாறைக் கம்பளி என்ற பெயரை விளக்கத் தேவையில்லை.

தீயைப் பற்றி இவ்வளவு கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே கூரையின் கீழ்த் தொடர்ந்திருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய தீ வரிசை முழுவதையும் எரித்த செய்திகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல. வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் இடத்துக்கும் விறகடுப்பு எரியும் அறைக்கும் பாறைக் கம்பளி அகணியே தக்கது. வெப்பத்தைக் காவலிடுவதில் அது நுரையைவிடக் குறைந்தது என்பதால் தடிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பொலியூரித்தேனின் வெப்பக் கடத்துதிறன் மீற்றர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.023 வற்று, பாறைக் கம்பளிக்கு ஏறத்தாழ 0.04.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசியில் அங்கே உறைபனி விழுவதுண்டு. அத்தகைய இரவில் ஒற்றைத் தகரக் கூரை விரைவாகக் குளிர்ந்து, அடுப்பும் மூச்சும் விட்ட நீராவி அதன் அடிப்புறத்திற் படிந்து சொட்டுகிறது. இதைத்தான் ‘தகரம் வேர்க்கிறது’ என்கிறோம். 50 மில்லிமீற்றர் பொலியூரித்தேன் அகணியுள்ள பலகை, ஒற்றைத் தகரத்தோடு ஒப்பிட வெளியேறும் வெப்பத்தைப் பத்து மடங்குக்கு மேல் குறைப்பதால் உள்முகம் அவ்வளவு குளிர்வதில்லை, வேர்ப்பதும் அரிது. ஆனால் இரு பலகைகள் சேரும் பூட்டு சரியாக மூடப்படாவிட்டால் அந்தப் பயன் கெடும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளைப் பக்கத்தில் பலகையைத் தேர்வதிலும் பூட்டின் வேலையே பெரிது.

தொடர் வரிசை எந்த நீளத்துக்கும் வெட்டித் தரும் என்பதும் இங்கே அளவோடு பயன்பட வேண்டியது. நீண்ட பலகை ஏற்றிய லொறி தோட்டப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. கூரையின் நீளத்தை அளந்து கட்டளையிடுவதற்கு முன்னர் பாதையின் வளைவையும் அளக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் நுரைப் பலகை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோகிராம் மட்டுமே என்பதால், வளைவுவரை வந்ததை அங்கிருந்து ஆட்கள் தூக்கிச் செல்ல முடியும். அதே இலேசுத்தன்மையால், காற்று பிய்த்துச் செல்லாதபடி திருகாணிகள் உரிய இடைவெளியில் விழ வேண்டும். இலேசான வீடு சரிவுக்குப் பாதுகாப்பானது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்தது மலையே. அதன் முன் எந்தச் சுவரும் நிற்காது. நிலத்தைப் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெற்ற பின்னரே சுவரைப் பற்றிப் பேச வேண்டும்.

மதிப்பீட்டிலும் விலைமனுவிலும் பெயரை எழுதும்போது தடிப்பு, அகணி, பயன்படும் இடம் ஆகிய மூன்றும் இடம்பெறட்டும்: ‘75 மில்லிமீற்றர் பாறைக் கம்பளி அகணி வெப்பக்காவற் பலகை, சுவருக்கு’, ‘50 மில்லிமீற்றர் பொலியூரித்தேன் அகணி வெப்பக்காவற் பலகை, கூரைக்கு’. பேச்சில் இது ‘பேனல்’ என்று சுருங்கினாலும் குறையில்லை. கையொப்பமிடும் தாளில் முழுப்பெயர் இருக்க வேண்டும். தொழிற்சாலையிற் செய்து கொண்டுவருவது என்பதைச் சேர்த்துச் சொல்ல நேர்ந்தால் ‘முன்னாக்க’ என்ற அடையை முன்னே வைக்கலாம். ‘முன்வார்ப்பு’ கொங்கிறீற்றுக்கு உரியது, இங்கு அது பொருந்தாது.