காத்தோ பிமா எப்பங்க எண்ணெய் குடிக்குது?

மொரீஷியஸ்ல வீட்டுக்கு ஆளுங்க வந்தா சோத்துக்கு முன்னாடி தட்டுல கஜாக், அதாவது கொறிக்கிற பலகாரம், வந்துடணும், அதுல காத்தோ பிமா இல்லன்னா எனக்கு மனசே ஆறாது. பார்த்தா நம்ம பருப்பு வடைதான், சின்ன உருண்டையா இருக்கும், ஊறவச்ச பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி, அவ்ளோதான். காலையில வெண்ணெய் தடவின ரொட்டிக்குள்ள வச்சும் சாப்பிடுவோம்.

இது பொரியும்போது எண்ணெய் குடிக்குதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா பெரும்பகுதி உள்ள போறது வெளிய எடுத்த பிறகுதாங்க! 170, 180 டிகிரி எண்ணெய்ல போட்டதும் மாவுல இருக்கிற தண்ணி ஆவியாகி புஸ்ஸுன்னு வெளிய வருது, நாம பார்க்கிற குமிழி அதுதான், அது வந்துகிட்டே இருக்கிற வரைக்கும் எண்ணெய் உள்ள நுழையறது கஷ்டம். அள்ளி எடுத்ததும் சூடு இறங்குது, ஓட்டைக்குள்ள இருக்கிற ஆவி குளிர்ந்து தண்ணியா சுருங்குது, அந்த காலி இடத்துக்குள்ள மேல ஒட்டியிருக்கிற எண்ணெய் இழுத்துக்கிட்டு போயிடுது. அதனால எடுத்த கையோட ஜல்லிக்கரண்டிய சட்டி மேலயே நல்லா தட்டி உதறிடுங்க, அந்த முதல் சில நொடியை விட்டா அப்புறம் பேப்பர்ல போட்டு என்ன ஒத்தினாலும் பெருசா வராது.

பருப்ப வேகவைக்கவே கூடாது. வெந்ததுல மாவுச்சத்து ஏற்கனவே தண்ணி குடிச்சு உப்பியிருக்கும், பிடிப்பு இல்லாம எண்ணெய்ல உதிர்ந்துடும். ஊறின பச்சைப் பருப்புன்னா எண்ணெய்க்குள்ளதான் வேகும், மாவுச்சத்தும் புரதமும் அங்கயே இறுகி உருண்டைய கெட்டியா பிடிச்சுக்கும். கொரகொரன்னு அரைச்சா ஆவி வெளிய போக சந்து கிடைக்கும். ஒரு தடவை நான் உப்பை முன்கூட்டியே போட்டு வச்சுட்டேன், வெங்காயத்தாள் தண்ணி விட்டு மாவு நெகிழ்ந்து போச்சு, அம்மா வந்து இன்னொரு கைப்பிடி பருப்ப அரைச்சு சேர்த்தப்புறம்தான் உருண்டையே பிடிக்க வந்துச்சு. அன்னைலேர்ந்து எங்க வீட்டுல உப்பு கடைசியாதான்.

அப்புறம் மிளகாய். அதுல காரத்தைக் குடுக்கிற பொருள் கேப்சைசின், அது நாக்குல சூட்டை உணர்ற அதே நரம்பு ஏற்பியைத்தான் (receptor) தட்டி எழுப்புது, சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா முழிச்சுக்கிற ஏற்பி அது. 1997ல விஞ்ஞானி டேவிட் ஜூலியஸோட குழு அதைக் கண்டுபிடிச்சாங்க, 2021ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. சட்டியிலேர்ந்து இறக்கின காத்தோ பிமாவுல சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுது, அதான் கண்ணுல தண்ணி வருது. கேப்சைசின் தண்ணியில கரையாது, பாலோ தயிரோ குடிங்க. அதுவே ஆறினதுல ஒண்ணு எடுத்து கடிச்சுப் பாருங்க, அதே மிளகாய்தான், ஆனா சாதுவாத் தெரியும்.