கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் ஒரு துண்டு வடிதாளும்

பள்ளி முடிந்தபின் நடக்கும் மாலை வகுப்புகளில், ஒரே பாயில் முதல் வகுப்புக் குழந்தையும் எட்டாம் வகுப்பு மாணவியும் அருகருகே அமர்ந்திருப்பது வழக்கம். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை வேளையில் வகுப்பு நடத்துவதற்காகவே வகுக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் ஆய்வகம் இருப்பதில்லை. பகல் முழுவதும் பாடம் கேட்டுக் களைத்த பிள்ளைகளிடம் நீண்ட விளக்கமும் எடுபடாது. சிறியவர்கள் வியந்து பார்க்கவும், பெரியவர்கள் அளந்து பார்க்கவும் ஒருசேர இடம் தருகின்ற செயல்பாடே அங்கு நிலைக்கும். அப்படிப்பட்டவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது, பாடநூல்கள் வண்ணப்பிரிகை முறை என்று குறிப்பிடும் மை பிரித்தலைத்தான்.

வடிதாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, கீழ் ஓரத்திலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பென்சில் கரியான கிராஃபைட் தண்ணீரில் கரையாது. பேனாவால் கோடு போட்டால் அந்தக் கோட்டின் மையும் சேர்ந்து ஓடிக் குழப்பிவிடும். கோட்டின் நடுவே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சிறு புள்ளி வைத்து, காய்ந்தபின் அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை வைத்தால் நிறம் அழுத்தமாகக் கிடைக்கும். டம்ளரில் 1 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தாளின் மேல்முனையை ஒரு பென்சிலில் ஒட்டி, அந்தப் பென்சிலை டம்ளரின் வாய்மேல் குறுக்காக வைத்துத் தாளைத் தொங்கவிட வேண்டும். தாளின் நுனி நீரைத் தொட வேண்டும். புள்ளி தொடக் கூடாது. புள்ளி மூழ்கினால் மை மேலே ஏறாமல் டம்ளர்த் தண்ணீரிலேயே கரைந்துபோகும். மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால், ஏறும் நீர் பாதியிலேயே காய்ந்து நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஈரத்தின் விளிம்பு புள்ளியைத் தொடும்போது முதலில் அதன் மேற்புறம் மட்டும் கலங்குகிறது. பிறகு கறுப்பு மெல்ல நீண்டு, ஒரு நிறம் முன்னே ஓட, மற்றொன்று நடுவில் தங்க, இன்னொன்று புறப்பட்ட இடத்தைவிட்டு நகரத் தயங்குகிறது. எந்த நிறம் முந்தும் என்பது பேனாவுக்குப் பேனா மாறும். ஆனால் அதே பேனாவையும் அதே தாளையும் கொண்டு மறுபடி செய்தால் நிறங்கள் அதே வரிசையிலேயே வந்து நிற்கும். பிள்ளைகளை இரண்டாம் முறை செய்ய வைப்பது இதனால்தான் முக்கியம். வண்ண வேடிக்கை தற்செயலானது அன்று, விதிக்கு உட்பட்டது என்பதை அவர்கள் தம் கண்ணால் அறிய வேண்டும்.

அந்த விதி இரண்டு இழுப்புகளுக்கு இடையிலான போட்டி. வடிதாள், செடிகளின் உடலைக் கட்டும் பொருளான செல்லுலோஸின் இழைகளால் ஆனது. நீர் மூலக்கூறுகள் இழைகளின்பால் ஈர்க்கப்பட்டு, ஒன்றையொன்றும் இழுத்துக்கொண்டு, இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் வழியாக மேலேறுகின்றன. போகும் வழியில் மையிலுள்ள சாயங்களையும் அழைத்துச் செல்கின்றன. கறுப்பு மை பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவற்றுள் நீரோடு நன்றாகக் கலக்கும் சாய மூலக்கூறு அதிக நேரம் நீரிலேயே இருந்து தொலைவு போகிறது. செல்லுலோஸோடு நெருங்கி ஒட்டும் மூலக்கூறு அடிக்கடி தாளில் தங்கித் தங்கிச் செல்வதால் பின்தங்குகிறது. பருத்தித் துணியும் செல்லுலோஸ்தான். சில சாயங்கள் துணியைவிட்டு எளிதில் போகாமல் இருப்பதற்கும் இந்த ஒட்டுதலே காரணம்.

இங்கிருந்து பெரிய பிள்ளைகளுக்கு அளவுகோலைக் கொடுக்கலாம். கோட்டிலிருந்து நீர் 8 செ.மீ. ஏறியபோது ஒரு நிறம் 6 செ.மீ. ஏறியிருந்தால் அதன் விகிதம் 0.75. நீளமான தாளில் செய்தாலும் இந்த எண் ஏறத்தாழ மாறாது. நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்தின் விளிம்பைக் குறித்துவந்தால் வேறொன்றும் புலப்படும்: நனைந்த பகுதி நீள நீள நீரின் ஓட்டத்துக்குத் தடையும் கூடுவதால், இரு மடங்கு உயரம் ஏற அதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகிறது. பால்பாயிண்ட் பேனாவின் புள்ளி தண்ணீரில் அசையாமல் நிற்பதையும் காட்டுங்கள். எண்ணெய்த்தன்மையுள்ள அந்த மைக்கு வேறு கரைப்பான் தேவை. மூன்று கறுப்புப் பேனாக்களுள் ஒன்றால் எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்து, எந்தப் பேனா என்று கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பே துப்பறியும் கூடமாகிவிடும். ஆவணங்களின் மையை ஒப்பிடத் தடயவியல் ஆய்வகங்களும் இதே தத்துவத்தைப் பயன்படுத்துகின்றன.

ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் வண்ணப்பிரிகை முறையை 1903-இல் வார்சாவில் விளக்கினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புக்கல் தூளை நிரப்பி, இலைச்சாற்றை அதன் வழியே இறக்கி, நிறமிகளைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தார் அவர். தாளில் பிரிக்கும் முறை 1944-இல் வந்தது. கம்பளியின் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்க வழி தேடிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் வளர்த்தெடுத்த பிரிகை முறைக்கு 1952-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினின் அமைப்பை ஆராய்ந்த ஃபிரெட்ரிக் சாங்கருக்கும் வடிதாள் கைகொடுத்தது.

ஸ்வெட்டின் சோதனையையே ஓர் இலையைக் கொண்டு எளிதாகச் செய்யலாம். இலையைத் தாளின்மேல் வைத்து, பென்சில் கோட்டின்மீது நாணயத்தால் அழுத்தித் தேய்த்தால் பச்சைக் கறை படியும். பச்சையம் தண்ணீரில் கரையாது என்பதால் டம்ளரில் மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்ற வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே ஊற்றுவது ஆசிரியராகவும், அருகில் விளக்கோ அடுப்போ இல்லாத காற்றோட்டமான இடமாகவும் இருக்கட்டும். பச்சைப் பட்டையைவிட்டு விலகி ஒரு மஞ்சள் பட்டையும் தெரியும். அதன்பின் அதே மரத்தின் பழுத்த இலையைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இம்முறை பச்சை மங்கியிருக்கும், அல்லது இராது, மஞ்சள் இருக்கும். இலை பழுக்கும்போது பச்சையம் சிதைந்துவிட, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன.