வியாசர்பாடிக் கானா எத்தனை சர்வரில் இருக்கிறது?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் துக்க வீட்டில் இரவு முழுக்கக் கானா பாடுவது பழைய வழக்கம். இறந்தவர் பெயர், பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் அந்த ராத்திரியே வரிகளாகிவிடும். எழுதி வைத்துப் பாடுவதும் உண்டு, நின்ற இடத்திலேயே கட்டிப் பாடுவதும் உண்டு. கூட்டத்தில் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தப் பதிவு இணையத்தில் ஏறி, கை மாறி, யாரோ செய்த வீடியோவுக்குப் பின்னணியாக ஓடும்போது பாடியவர் பெயர் காணாமல் போயிருக்கும். கானாவை நேசிக்கிறவர்களுக்கு இது தீராத வலி.

இதே பாட்டு, ஒரே நிறுவனம் நடத்தும் தளத்தில் ஏறாமல், மாஸ்டொடான் போன்ற கூட்டமைப்பு வலைப்பின்னலில் ஏறினால் பாடியவரின் உரிமை என்ன ஆகும்? இதற்குப் பதில் தேட, பதிவு பயணம் செய்யும் வழியை முதலில் பார்த்துவிட வேண்டும். தகராறுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் பிறக்கின்றன.

மாஸ்டொடான், ஜெர்மனியில் ஓய்கன் ரோக்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். தண்டையார்பேட்டையில் ஒரு வாசகசாலை ஒரு சர்வரை நடத்தலாம், பெர்லினில் ஒரு பல்கலைக்கழகம் இன்னொன்றை நடத்தலாம். இங்கே கணக்கு வைத்திருப்பவர் அங்கே இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதற்கு ஒப்புதல் தந்தது. காணொளிக்கான பியர்டியூப், புகைப்படத்துக்கான பிக்செல்ஃபெட் ஆகியவையும் இதே நெறிமுறையில் பேசுகின்றன. மொத்தத்துக்கும் ஃபெடிவெர்ஸ் என்று பெயர்.

நம் பாடகர் தண்டையார்பேட்டை சர்வரில் கணக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். நாலு வரி எழுதி, ஆடியோவை இணைத்து, பொதுப்பதிவாக வெளியிடுகிறார். உடனே அவருடைய சர்வர் ஒரு சிறு தகவல் பொட்டலத்தைத் தயாரிக்கிறது. யார் எழுதியது, என்ன எழுதியது, ஆடியோ கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்பவை அதில் இருக்கும். அதில் மின்னணுக் கையொப்பம் இட்டு, அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கிற ஒவ்வொரு சர்வரின் இன்பாக்ஸுக்கும் அனுப்புகிறது. பெர்லின் சர்வரில் அவரை நூறு பேர் பின்தொடர்ந்தாலும் அங்கே ஒரு பொட்டலம் போனால் போதும்.

பெர்லின் சர்வர் கையொப்பத்தைச் சரிபார்த்து, வரிகளைத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. ஆடியோ இன்னும் தண்டையார்பேட்டையில்தான் இருக்கிறது. நூறு பேரும் தனித்தனியாக வந்து கேட்டால் சின்ன சர்வர் தாங்காது. அதனால் பெர்லின் சர்வர் தானே ஒரு தரம் இறக்கி, தன் வட்டில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தன் ஆட்களுக்கு அங்கிருந்தே பரிமாறுகிறது. இப்படிச் சேமிப்பதற்குக் கேஷ் என்று பெயர். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைச் சர்வரை நடத்துபவர் தீர்மானிக்கிறார். ஒரு வாரத்தில் அழிப்பவர் உண்டு, அழிக்காமலே விடுபவரும் உண்டு. பெர்லினில் ஒருவர் அந்தப் பதிவைப் பூஸ்ட் செய்தால், அதாவது தன்னைப் பின்தொடர்பவர்களுக்கு மறுபகிர்வு செய்தால், அவரைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களும் இதையே செய்கின்றன. பாட்டு போட்டு அரை மணி நேரத்தில், பாடகர் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஊர்களில் பிரதிகள் உட்கார்ந்துவிடும்.

பியர்டியூப் இதில் கொஞ்சம் வேறு. அங்கே காணொளி பொதுவாக ஏற்றிய சர்வரிலிருந்தே ஓடும். மற்ற சர்வர்களுக்குத் தலைப்பு, விவரம், சிறுபடம் மட்டும் போகும். வேறொரு சர்வர் விரும்பினால் காணொளியின் நகலையும் வைத்துச் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இனி அழிப்பதற்கு வருவோம். இறந்தவரின் மனைவி, "எங்க வீட்டு துக்கத்தை ஊரெல்லாம் போடாதீங்கப்பா" என்கிறார். பாடகர் மறுபேச்சின்றி அழிக்கிறார். தண்டையார்பேட்டை சர்வர் தனக்குத் தெரிந்த சர்வர்களுக்கெல்லாம் 'அழிக்கவும்' என்ற செய்தியை அனுப்புகிறது. ஒழுங்காக நடக்கும் சர்வர்கள் உடனே அழித்துவிடும். ஆனால் அது ஒரு வேண்டுகோள். கட்டாயப்படுத்தும் கருவி நெறிமுறையில் கிடையாது. அந்த நேரத்தில் அணைந்துகிடந்த சர்வருக்குச் சில முறை முயன்று பார்த்துவிட்டு அனுப்புவதை நிறுத்திவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் ஏதோ சண்டையில் தண்டையார்பேட்டை சர்வர் இன்னொரு சர்வருடன் உறவை முறித்துக்கொண்டால், அங்கே அதன் பிறகு எந்தச் செய்தியும் போகாது. 'அழிக்கவும்' என்ற செய்தியும் போகாது. பாதுகாப்புக்காக எழுப்பிய சுவர், பழைய பிரதியை அந்தப் பக்கமே தங்க வைத்துவிடும்.

இத்தனை பிரதிகளும் பதிப்புரிமை மீறலா? இந்தக் கேள்வி ஃபெடிவெர்ஸுக்கு முன்பே எழுந்தது. யூஸ்நெட் என்ற பழைய வலைப்பின்னலிலும் ஒரு சர்வரில் போட்ட செய்தியை மற்ற சர்வர்கள் தானாகப் பிரதி எடுக்கும். அதில் ஒருவர் அனுமதியின்றிப் போட்ட எழுத்துகளுக்காக நெட்காம் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீதும் வழக்கு வந்தது. 1995இல் கலிஃபோர்னியா நீதிமன்றம், இயந்திரம் தானாக எடுக்கும் பிரதிக்காக அந்த நிறுவனத்தை நேரடி மீறலாளர் என்று சொல்ல மறுத்தது. ஆனால் புகார் கையில் கிடைத்த பிறகும் சும்மா இருந்தால் பொறுப்பு வரக்கூடும் என்றது. புகாருக்கு முன், புகாருக்குப் பின் என்ற அந்தக் கோடு பிறகு பல நாட்டுச் சட்டங்களில் இடம்பிடித்தது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. 2012இல் திருத்தியபோது இந்தக் கோட்டை நம்மவர்களும் வரைந்தார்கள். மின்னணு அனுப்புதலின் தொழில்நுட்பப் போக்கில் தற்காலிகமாகவோ தற்செயலாகவோ நேரும் சேமிப்பு மீறல் ஆகாது என்கிறது 52ஆம் பிரிவு. இணைப்பும் அணுகலும் தருவதற்காக நேரும் அத்தகைய சேமிப்புக்கு எதிராக உரிமையாளர் எழுத்தில் புகார் தரலாம். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, 36 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதியை யாரும் அணுக முடியாமல் செய்ய வேண்டும். அந்தத் தடை 21 நாள் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம்.

தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. ஏழு நாளில் கேஷை அழிக்கும் சர்வர் இந்தப் பிரிவின் நிழலில் தெம்பாக நிற்கும், ஏழு வருடம் வைத்திருக்கும் சர்வர் நிற்பது கடினம் என்பது என் கணிப்பு. வட்டில் இடம் மிச்சமாகும் என்பதற்காகவே பலர் கேஷைச் சுத்தம் செய்கிறார்கள். சட்டக் காரணம் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

உண்மையான அநியாயம் இந்தப் பிரதிகளில் இல்லை. பாட்டைச் சுமந்து போக ஒரு சர்வருக்குத் தந்த அனுமதியை, அதைப் பயன்படுத்த எல்லாருக்கும் தந்த அனுமதியாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் ஹைட்டி நாட்டிலிருந்து கிடைக்கிறது. 2010 ஜனவரி 12 அன்று அங்கே நிலநடுக்கம். புகைப்படக்காரர் டேனியல் மொரேல், தான் எடுத்த படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும், படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அவருடைய அனுமதியின்றி அவற்றை உலகெங்கும் விநியோகித்தன. ட்விட்டரின் விதிமுறையே எங்களுக்கு உரிமம் தருகிறது என்று ஏஎஃப்பி வாதாடியது. 2013இல் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; அதே ஆண்டு நடுவர் குழு மொரேலுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

அங்கே ஒரே தளம், ஒரே விதிமுறை. ஃபெடிவெர்ஸில் சர்வருக்கு ஒரு விதிமுறை. பாடகர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியது தண்டையார்பேட்டை சர்வரின் விதிகளுக்கு மட்டும். பெர்லின் சர்வருக்கும் அவருக்கும் நேரடியாக எந்த ஒப்பந்தமும் இல்லை. 2025 ஜூனில் மாஸ்டொடான் டாட் சோஷியல் என்ற பெரிய சர்வர், தன்னிடமுள்ள பதிவுகளை வாரி எடுத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரக்கூடாது என்று புது விதியை அறிவித்தது. நல்ல விதிதான். ஆனால் அதே பதிவின் பிரதி அடுத்த சர்வரில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு இந்த விதி செல்லாது. அதற்கு முந்தைய நவம்பரில், வேறு நெறிமுறையில் ஓடும் ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்திலிருந்து பத்து லட்சம் பதிவுகளை ஒருவர் தொகுத்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவுகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் ஏற்றினார். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார். பொதுவில் இருப்பதால் எடுத்தேன் என்ற மனநிலை மாறவில்லை.

அப்படியானால் பாடகரின் கையில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. வரிகளை எழுதியவருக்கு இலக்கியப் படைப்பாளர் உரிமை, அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு அதைத் தயாரித்தவர் உரிமையாளர், வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை, 50 ஆண்டு. பாடகரின் சம்மதமின்றி அவர் பாட்டைப் பதிவுசெய்து பரப்ப செல்போன்காரருக்கு உரிமை இல்லை. 38பி பிரிவின்படி, பாடியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படுவதும், தன் பாட்டைப் பெயர் கெடும்படி சிதைப்பவரைத் தடுப்பதும் பாடகரின் உரிமை. இதற்கெல்லாம் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. பாட்டு பிறந்தவுடன் உரிமையும் பிறக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையால், வரிகளை எழுதியவரின் உரிமை ஜெர்மனியிலும் செல்லும். பலகைத் தாளம் போட்டுத் தெருவில் பாடுகிறவருக்கும் மேடையில் பாடுகிறவருக்கும் சட்டம் வேறுபாடு வைக்கவில்லை. இதை வடசென்னையில் உரக்கச் சொல்ல வேண்டும்.

உரிமம் தரும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். "யார் வேண்டுமானாலும் பகிரலாம்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டால், அந்த வரி சட்டத்தின் கண்ணில் எல்லையோடு நின்றுவிடுகிறது. பாட்டோ அரை மணி நேரத்தில் பெர்லின் போய்விட்டது.

இங்கேதான், எந்த நிபந்தனையோடு தன் படைப்பைப் பயன்படுத்தலாம் என்று படைப்பாளி எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் வடிவமைப்பு பொருந்தி வருகிறது. 2002இல் தொடங்கிய இவற்றின் 4.0 பதிப்பு, உலகம் முழுவதுக்கும், உரிமைக் காலம் முடியும்வரை என்று தெளிவாகச் சொல்கிறது. அதைவிட அழகான அம்சம் ஒன்று உண்டு. இந்த உரிமம் சர்வரிலிருந்து சர்வருக்குக் கை மாறுவதில்லை. பாட்டு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்குப் படைப்பாளியிடமிருந்தே நேராக உரிமம் கிடைக்கிறது. இருபதாவது சர்வரில் கேட்பவரும் பாடகரோடு நேரடி உறவில் இருக்கிறார், அதே நிபந்தனையோடு. பெயரைச் சொல் என்று போட்டால் அவரும் சொல்லியாக வேண்டும். வணிகத்துக்கு வேண்டாம் என்றால் அவருக்கும் வேண்டாம். நடுவே எத்தனை சர்வர் எந்த விதிமுறை வைத்திருந்தாலும் இது மாறாது. கூட்டமைப்பு வலைப்பின்னலுக்கென்றே தைத்ததுபோல் இருக்கிறது.

ஆனால் தந்தபின் திரும்பப் பெற முடியாது. அதனால் துக்க வீட்டுப் பாட்டுக்கு, குடும்பத்தைக் கேட்காமல் இந்த உரிமம் போடக்கூடாது என்பேன். சட்டம் கேட்காவிட்டாலும் கேட்டாக வேண்டும்.

உரிமத்தை எங்கே எழுதுவது என்பதும் தொழில்நுட்பக் கேள்வி. பியர்டியூபில் காணொளி ஏற்றும்போதே உரிமத்தைத் தேர்வுசெய்யும் பெட்டி இருக்கிறது. அந்த விவரம் மற்ற சர்வர்களுக்கும் போகிறது. பிக்செல்ஃபெட்டிலும் படத்துக்கு உரிமம் குறிக்கலாம். மாஸ்டொடானில் அப்படிப் பெட்டி கிடையாது. பதிவின் வரிகளிலேயே எழுத வேண்டும். புகைப்படக்காரர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது, கறுத்த படகுகளையும் வலைகளையும் காட்டும் படங்கள் எங்கும் பரவின. அப்படி ஒரு படம் எடுப்பவர் தன் பெயரைக் கேமரா வழியாகக் கோப்புக்குள்ளேயே, எக்ஸிஃப் தகவலாகப் பதித்து வைக்கலாம். மாஸ்டொடான் படத்தை ஏற்றும்போது அந்தத் தகவலை நீக்கிவிடும். எடுத்த இடத்தின் வரைபடக் குறிப்பு வெளியே கசியக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். கூடவே பெயரும் போய்விடுகிறது. தெரிந்தே, அதிகாரமின்றி ஒருவர் உரிமைத் தகவலை நீக்குவது 65பி பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. பாதுகாப்புக்காக ஒரு மென்பொருள் செய்வதை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம். ஆகவே பெயரைப் படத்தின் ஓரத்திலும், படவிளக்கத்திலும் எழுதிவிடுங்கள்.

சர்வர் நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் வேலை இருக்கிறது. புகார் யாருக்கு அனுப்புவது, கேஷ் எத்தனை நாள், பயனர் தரும் அனுமதி பதிவைச் சேமிக்கவும் அனுப்பவும் மட்டும்தானா என்ற மூன்றையும் முகப்பிலேயே தமிழில் எழுதி வையுங்கள். புகார் வந்தால் உங்கள் பிரதியை மட்டும்தான் உங்களால் அழிக்க முடியும். மற்ற சர்வர்களின் பெயரைப் புகார்தாரருக்குச் சொல்லி உதவலாம்.

பாட்டு திருடுபோனவர் முதலில் செய்ய வேண்டியது சான்று சேர்ப்பது: அசல் கோப்பு, பதிவின் முகவரி, தேதியோடு திரைப்பிடிப்பு. அடுத்து, மூலப் பதிவை உடனே அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. அதன் தேதி உங்களுக்குச் சாட்சி. பிறகு மீறிய கணக்கு இருக்கும் சர்வருக்கு, எந்தப் பதிவு, என்ன உரிமை, ஏன் மீறல் என்று குறிப்பிட்டு எழுத்தில் புகார். பிரதிகள் தங்கிய சர்வர்களுக்குத் தனித்தனிக் கடிதம். அது போதவில்லையென்றால் வழக்குக்காக எதிராளியின் ஊரைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 62ஆம் பிரிவு, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் எல்லைக்குள்ளேயே வழக்கு நடத்த வழி தருகிறது. வியாசர்பாடிக்காரர் சென்னையிலேயே தொடுக்கலாம்.