டேவிட் காக்ஸ்: பாதியில் நிற்கும் தரவுக்கு ஒரு கணக்கு

1963இல் வெளியான ஓர் அமெரிக்க ரத்தப் புற்றுநோய் ஆய்வு. நோய் தணிந்த நிலையில் இருந்த 42 பேரில் 21 பேருக்கு 6-மெர்காப்டோப்யூரின் என்ற மருந்து, மீதி 21 பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. எத்தனை வாரத்தில் நோய் திரும்புகிறது என்று பார்த்தார்கள். மருந்தில்லாத 21 பேருக்கும் திரும்பிவிட்டது. மருந்து எடுத்தவர்களில் 9 பேருக்குத்தான் திரும்பியது. மற்ற 12 பேர் கடைசியாகப் பார்த்தபோது நன்றாகவே இருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது தரவில் இல்லை.

இதற்குச் சராசரி போட முடியாது. அந்த 12 பேரை ஒதுக்கினால், மருந்தால் அதிகம் பயனடைந்தவர்களையே தூக்கி எறிந்ததாகிவிடும். கடைசியாகப் பார்த்த நாளிலேயே நோய் திரும்பியதாக வைத்துக்கொண்டால் அது பொய்க் கணக்கு.

இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டவர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ். 1924இல் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் வேலை, அப்புறம் லீட்ஸில் கம்பளித் தொழில் ஆய்வு நிலையம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்தபோது, 1972இல், தன் பெயர் நிலைக்கப்போகும் கட்டுரையை வெளியிட்டார். மேலே சொன்ன 42 பேரின் தரவைத்தான் அதில் எடுத்தாண்டார்.

அவர் செய்தது இதுதான். நோய் எப்போது திரும்பும் என்ற கேள்வியையே விட்டுவிட்டார். யாருக்காவது திரும்பிய ஒவ்வொரு தருணத்திலும், ‘இன்னும் நோயில்லாமல் கண்காணிப்பில் இருப்பவர்களில் இவருக்குத் திரும்ப எவ்வளவு வாய்ப்பு?’ என்று மட்டும் கேட்டார்.

15ஆம் வாரத்தைப் பார்ப்போம். அப்போது களத்தில் இருந்தது 15 பேர்: மருந்தில்லாதவர் 4, மருந்து எடுத்தவர் 11. அந்த வாரம் ஒருவருக்கு நோய் திரும்பியது, அவர் மருந்தில்லாதவர். மருந்தால் பயனே இல்லை என்றால், அந்த நால்வரில் ஒருவராக அவர் இருக்க வாய்ப்பு 15இல் 4, அதாவது சுமார் 27 சதவீதம். மருந்து ஆபத்தைக் கால்பங்காகக் குறைக்கிறது என்றால், 11 பேரின் ஆபத்து 2.75 பேருக்குச் சமம். 4ஐ 6.75ஆல் வகுத்தால் சுமார் 59 சதவீதம். நடந்ததோடு இரண்டாவது ஊகம்தான் நன்றாகப் பொருந்துகிறது. இப்படி எல்லாத் தருணங்களின் வாய்ப்புகளையும் பெருக்கி, எந்த ஊகத்துக்குப் பெருக்குத்தொகை உச்சம் தொடுகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தரவில் மருந்தில்லாதவர்களின் ஆபத்து நான்கைந்து மடங்கு என்று வருகிறது.

இதில் அழகு என்னவென்றால், 15ஆம் வாரத்தில் இந்த நோயின் அடிப்படை ஆபத்து எவ்வளவு என்று தெரியவே வேண்டாம். வகுத்தலின் மேலும் கீழும் அது வருவதால் அடிபட்டுப் போகிறது. பாதியில் நின்றவர்களும் வீணாவதில்லை. கண்காணிப்பில் இருந்த வரை வகுத்தலின் கீழ் எண்ணில் சேர்க்கப்படுகிறார்கள்.

இதை முறையான நிகழ்தகவுக் கணக்கு என்று சொல்லலாமா என்று சிலர் அப்போதே கேள்வி கிளப்பினார்கள். 1975இல் இன்னொரு கட்டுரையில் காக்ஸ் அடித்தளத்தைச் சரிசெய்தார். பின்னாளில் ஆக்ஸ்ஃபர்டின் நஃபீல்ட் கல்லூரித் தலைவர், சர் பட்டம், 2017இல் முதல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு என்று எல்லாம் வந்தன. 2022இல், 97 வயதில் மறைந்தார்.

இன்று மென்பொருளில் ஒரே வரிக் கட்டளையில் இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதனாலேயே ஒரு நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரு குழுக்களின் ஆபத்துகளுக்கு இடையிலான விகிதம் கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையையும் மாத்திரையையும் ஒப்பிட்டால் அது பெரும்பாலும் உடைந்துபோகும். கத்தி வைத்த முதல் வாரங்களில் ஆபத்து கூடுதல், பிறகு குறைவு. இரண்டையும் கலந்து வரும் ஒற்றை எண், முதல் மாதத்துக்கும் பொருந்தாது, ஐந்தாம் ஆண்டுக்கும் பொருந்தாது.