தோல் காஞ்சா தொய்ரா, நனைஞ்சா கஞ்சிரா

தாஷ்கண்ட்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு 1966ல சாஸ்திரி இறந்துபோன ஊர், அதோட முடிஞ்சுது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒரு ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல ஜாகிர் உசேன் கச்சேரி தேடிப் போய் அப்பாஸ் காசிமோவ்னு ஒருத்தர்கிட்ட மாட்டுற வரைக்கும். தாஷ்கண்ட்காரர், அதாவது உஸ்பெகிஸ்தான்காரர், அப்புறம் கலிஃபோர்னியாவுல செட்டில் ஆனவர், ஜாகிர் உசேனோட மாஸ்டர்ஸ் ஆஃப் பெர்கஷன் மேடையில வாசிச்சவர். கையில மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஒண்ணு, அவ்வளவுதான், குச்சி கிடையாது, ரெண்டாவது பக்கத் தோல் கிடையாது, ஆனா அதுல இருந்து நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற சத்தம் வருது. அதுலயும் திருப்தி இல்லாம சில சமயம் ரெண்டு மூணு சல்லடைய ஒண்ணா தூக்கி வச்சு வாசிக்கிறார் மனுஷன்.

அதுக்குப் பேரு தொய்ரா. வட்டம்னு அர்த்தம், அரபில இருந்து வந்த சொல்லு. நாப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு மர வளையம், திராட்சைக்கொடி மரம், வால்நட் மாதிரி எதுலயாவது வளைச்சது, ஒரு பக்கம் மட்டும் தோல், பின்பக்கம் ஆன்னு திறந்து கிடக்கும். கன்னுக்குட்டித் தோல், ஆட்டுத் தோல் எல்லாம் போடுவாங்க, முன்னாடி கெளுத்தி இனத்துப் பெரிய மீனோட தோலும் போட்டிருக்காங்க. நம்ம கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போட்ட அதே காரணம்தான், மெல்லிசா இருக்கணும், ஆனா இழுத்தா கிழியக் கூடாது. மர வளையத்தோட உள்பக்கம் சுத்தி சின்னச் சின்ன இரும்பு வளையம் டஜன் கணக்குல தொங்கும், அதுக்கு அப்புறம் வரேன்.

தொய்ரா படிக்கிற பையனுக்கு மொதல் நாள் சொல்லிக் குடுக்கறது ரெண்டே சொல்லு: பும், பக். நடுப்பக்கமா அடிச்சா பும், விளிம்புல அடிச்சா பக். ஒரே தோல், ஒரே இழுப்பு, இடம் மட்டும் தள்ளினா எப்படி வேற சத்தம் வருதுன்னு கேட்டா, இங்கதான் விஷயமே இருக்கு. தோல் ஒரே மாதிரி மட்டும் ஆடாது. மொத்தமா முன்னாடி பின்னாடி போய் வர்ற ஆட்டம் ஒண்ணு, அதுதான் அடிப்படைச் சத்தம். ஒரு பாதி மேல போகும்போது இன்னொரு பாதி கீழ போற சீசா ஆட்டம் இன்னொண்ணு, அப்புறம் நாலு துண்டா பிரிஞ்சு ஆடுறது, இப்படிப் போய்க்கிட்டே இருக்கும். சீசாவோட நட்ட நடு ஆடாதுல்ல, அதே மாதிரி இந்த ஆட்டங்களுக்கும் தோலோட மையம் அசையாத இடம். அதனால மையத்துல அடிச்சா இதுங்கள கிளப்பவே முடியாது, அந்த மொத்த ஆட்டம்தான் பெருசா கிளம்பும், பும்முன்னு அடிவயித்துல இறங்கும். விளிம்புல அடிச்சா துண்டு துண்டான ஆட்டம் எல்லாம் ஒண்ணா எழுந்திரிக்கும், சத்தம் வறண்டு கூர்மையா பக்குன்னு வெட்டும்.

இன்னொரு சங்கதி, வீணைக் கம்பில அடிப்படைச் சத்தத்தோட கூடவே வர்ற மேல் ஓசைகள் 1, 2, 3, 4ன்னு ஒழுங்கான கணக்குல வரும், அதனால சுருதி தெளிவா காதுல நிக்கும். வெறும் வட்டத் தோல்ல அது 1, 1.59, 2.14, 2.30ன்னு கோணல் மாணலா வரும். நம்ம மிருதங்கத்துல நடுவுல கருப்பா கரணை போட்டு இந்தக் கோணல நிமித்தி வச்சிருக்காங்க, அத 1920லயே ஆராய்ஞ்சு எழுதினவர் திருச்சியில பொறந்த சி.வி.ராமன். தொய்ராவுக்குக் கரணை கிடையாது, அது சுருதி சேர வரல, தாளம் போட வந்திருக்கு. உஸ்பெக்ல தாளச் சுத்துக்கு உசூல்னு பேரு, புகாரா ஊரோட சாஸ்திரிய இசையான ஷஷ்மகாம் பாடும்போது எத்தன பேர் பாடினாலும் உசூல விடாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது தொய்ராக்காரர்தான்.

விரல் வேலையப் பத்தி சொல்லாம போனா பாவம். வீடியோவ கால் ஸ்பீடுல வச்சுப் பாத்தேன். கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர சுண்டுறோமே, ஒரு விரல இன்னொரு விரல் புடிச்சு வச்சு சட்டுனு விடுறது, அதையேதான் தோல் மேல செய்றாங்க. விரல் தோல்ல பட்டதும் தெறிச்சு வந்துடும். விரல் எவ்வளவு நேரம் ஒட்டி இருக்கோ அவ்வளவுக்கு மேல் ஓசைகள் அமுங்கிப் போகும், அதனால தொட்டும் தொடாம வந்தாதான் அந்த வெடிச்ச சத்தம். நான் எவர்சில்வர் தட்டுல ட்ரை பண்ணேன், உள்ளங்கையால தட்டினா சப்புன்னு சாகுது, சுண்டினா டங்குன்னு நிக்குது. மறுநாள் நகம் வலிச்சதுதான் மிச்சம்.

சரி, இப்ப தோலுக்கு வரேன். தோலுங்கறது கொலாஜன் நாரு, அது காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும், குடிச்சா தொங்கும், காஞ்சா சுருங்கும். ஆனா மரத்துல ஒட்டிட்டதால சுருங்க வழியில்ல, இழுப்புதான் ஏறும். இழுப்போட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தோட உசரம் மாறும்ங்கறது கணக்கு, அதாவது மழை நாள்ல இழுப்பு 20 சதவீதம் கொறஞ்சா சத்தம் சுமார் 10 சதவீதம் இறங்கும், பியானோவுல பக்கத்துப் பக்கத்துக் கீ ரெண்டு இறங்கின மாதிரி. ஒரு ஸ்தாயி ஏத்தணும்னா நாலு மடங்கு இழுக்கணும், தோல் தாங்குமா. அதனால தொய்ராக்காரர் மேடை ஏறுறதுக்கு முன்னாடி வெயில்லயோ அடுப்புக்கிட்டயோ வாத்தியத்தக் காட்டிட்டுத்தான் வருவார். நம்மூர்ல பறை அடிக்கிறவங்க வைக்கோலக் கொளுத்தி பறையக் காய்ச்சுறாங்களே, அச்சு அசல் அதே இயற்பியல். கஞ்சிராக்காரர் நேர் எதிரா உள்பக்கம் தண்ணி தொட்டு வைப்பார், ஏன்னா அது ஒரு ஜாண் அகலம்கூட வராது, தோலும் விறைப்பா இழுத்திருக்கும், நனைக்கலன்னா கீச்சுன்னு கத்தும். தொய்ரா அதவிட ரெண்டு மடங்கு அகலம், அகலம் கூடினா சத்தம் தானா கீழ போயிடும், அதனால இவருக்கு ஏத்துறதுதான் கவலை.

இத நினைச்சுக்கிட்டே உஸ்தா ஒலிம் கமிலோவ் கதையப் படிச்சேன். உஸ்தான்னா வாத்தியார். 1875ல மார்கிலான்ல பொறந்தவர், பட்டுக்குப் பேர் போன ஃபெர்கானா பள்ளத்தாக்கு ஊரு. பெண்கள் பொது மேடையில முகம் காட்டி ஆடினா உயிருக்கே உத்தரவாதம் இல்லாத காலத்துல தமாரா கானும்னு ஒரு நடனக்காரங்க மேடையில ஆடினாங்க, அவங்களுக்கு வாசிச்சது இவரு. ரெண்டு பேரும் சேந்து பட்டு வேலையவே நடனமா ஆக்கினாங்க, பில்லான்னு பேரு, கூடுன்னு அர்த்தம். தொய்ரா தாளத்த வச்சே நடனப் பயிற்சிக்கு ஒரு பாடமுறையும் உருவாக்கினார். 1935ல லண்டன்ல நடந்த நாட்டுப்புற நடன விழாவுக்குப் போறாங்க, அப்ப இவருக்கு அறுபது வயசு. ஃபெர்கானா வறண்ட காத்துல வளந்த தோல எடுத்துக்கிட்டு லண்டன் ஈரக்காத்துல நின்னு எத்தன தடவ நெருப்பு தேடியிருப்பாரோன்னு எனக்கு யோசனை போகுது. 1953 வரைக்கும் இருந்தார்.

இரும்பு வளையம் சொல்றேன்னேன்ல. அது தோல விட ரொம்ப விறைப்பு, அதனால உசந்த ஓசைதான் வரும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல மரத்துல இடிக்கும், எல்லாம் கலந்து சலங்கை மாதிரி ஜல்லுன்னு ஒரு பரப்பு. வேகமா வாசிக்கும்போது ஒரு அடிக்கு ஆடின வளையம் நிக்கறதுக்குள்ள அடுத்த அடி விழுந்துடும், ஜல் ஓயவே ஓயாது, ஒரே ஆள் நாலு பேரா தெரியறதுக்கு முக்காவாசி காரணம் இதுதான்.

சோவியத் காலத்துல, 1930கள் தொடங்கி, அஷோத் பெட்ரோசியான்ட்ஸ் தலைமையில உஸ்பெக் வாத்தியங்கள மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கணக்குக்கு மாத்தினாங்க. தூதார்ங்கற மீட்டுற வாத்தியம், கிஜ்ஜாக்ங்கற வில் வாத்தியம் எல்லாத்தையும் பன்னெண்டு அரைஸ்வரத்துக்குள்ள அடைச்சு, சின்னது பெருசுன்னு குடும்பமா செஞ்சாங்க. பட்டு நூல் கட்டின ரெட்டைக் கம்பி தூதாரோட பழைய மெல்லிய சத்தம் அதுல அடிபட்டுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. தொய்ராவுல ஸ்வரமே இல்ல, மாத்த என்ன இருக்கு, அது பாட்டுக்குத் தப்பிச்சுது.

இப்ப பிளாஸ்டிக் தோல் போட்ட தொய்ராவும் வருது, மழையோ ஏசியோ அதுக்கு ஒண்ணுதான். ஆனா ஈரக்கவலை இல்லாத வாத்தியம் அந்த ஊர்ல முன்னாடியே இருக்கு, கைராக்னு பேரு. ஆத்துல உருண்டு வழவழன்னு ஆன தட்டைக் கல்லு நாலு, கைக்கு ரெண்டு, உஸ்பெகிஸ்தானோட கொரேஸ்ம் பகுதியில லாஸ்கிங்கற நடனம் ஆடும்போது தட்டுவாங்க. கல்ல இறுக்கிப் புடிச்சா சத்தம் செத்துப்போகும், விரல்ல லேசா ஏந்தி விட்டாதான் கணீர்னு பேசும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் கஞ்சிரா வாசிப்பான், அவன்கிட்ட இத சொன்னேன். "காவேரில தண்ணி இல்லாதப்ப போய்ப் பொறுக்கிட்டு வருவோம்டா, ஏசி ஹால் கச்சேரிக்கு ஆகும்"னான்.