சேற்றுக்குள் மரம் எப்படி மூச்சு விடுகிறது?

"கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிறேன். கடலோர ஈரநிலங்களைக் காப்பாற்ற நான் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல, கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரத்தின் வேருக்குள் நுழைந்து வர வேண்டும்.

சதுப்புச் சேற்றில் மேல்பரப்பைத் தாண்டினால் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட் என்ற கந்தக உப்பை வைத்துக் காலம் தள்ளுகின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை நாற்றம். நாற்றத்தை வைத்துச் சதுப்பைச் சாக்கடை என்று ஒதுக்குவது பெரும் தவறு. ஆக்சிஜன் இல்லாத காரணத்தால்தான் விழுந்த இலையும் வேரும் முழுக்க மக்காமல், கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே புதைந்து கிடக்கிறது.

சரி, அந்தச் சேற்றில் வேர் எப்படிப் பிழைக்கிறது? அலையாத்தி மரம் பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை மண்ணுக்கு மேலே நீட்டுகிறது. அவற்றில் நுண்ணிய பட்டைத்துளைகள் உண்டு. காற்று போகும், தண்ணீர் புகாது. கடல் ஏறும்போது துளைகள் மூழ்கிவிடும். உள்ளே அடைபட்ட காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வேர் செலவழித்துக்கொண்டே இருக்கும். பதிலுக்கு உண்டாகும் கார்பன் டைஆக்சைடோ நீரில் எளிதாகக் கரைந்துவிடும். ஆக, உள்ளே வாயு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. நீர் வடிந்து துளைகள் வெளியே தெரிந்ததும், வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. நுரையீரல் இல்லாத மரத்துக்குக் கடலே மூச்சு இழுத்துவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. 1955-இல் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் இந்த வாயுப் பரிமாற்றத்தை அளந்து காட்டினார்கள். வேர்த்துளைகளை கிரீஸ் பூசி அடைத்ததும், உள்ளே ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது.

அந்த கிரீஸின் வேலையைத்தான் நாம் வீசும் மெல்லிய பிளாஸ்டிக் பை செய்கிறது. கால்வாயில் விழுந்து, ஆற்றோடு போய், மூச்சுவேர்கள்மேல் போர்வையாகப் படிகிறது. பாதி மூடினால் மரம் எப்படியோ சமாளிக்கும். முழுக்க மூடினால் இலை உதிர்ந்து மடியும். வண்டியிலிருந்து வடித்துச் சாக்கடையில் ஊற்றும் பழைய எண்ணெயும் அதே துளைகளைத்தான் அடைக்கிறது. அதனால், கடலைப் பார்த்தே இராதவர்கூட இந்த இரண்டையும் நீர்வழியில் சேராமல் தடுத்தால், தொலைவில் ஒரு மரம் மூச்சு விடும். தோட்டத்து உரத்தையும் அளவோடு போடுங்கள். உரச்சத்து மிஞ்சினால் சதுப்புப் புல் மேலே செழித்து, கீழே வேர் குறைந்து, கரை சரிகிறது.

அப்புறம், கன்று நடும் ஆசை. நட அழைக்கிறவர்களிடம் முதலில், "இங்கே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீர் வடிந்திருக்கும்?" என்று கேளுங்கள். நீர் வடியாத இடத்தில் மூச்சுவேருக்குக் காற்றே கிடைக்காது, நட்ட கன்று நிற்காது. நடவு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது, அதன்பின் பல ஆண்டுகள் சேற்றில் இறங்கி நீர்மட்டம் அளப்பவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.