கூட்டமைப்பா, கூட்டிணைவா? கனடாவின் ‘கான்ஃபெடரேஷன்’

கனடாவின் வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுகிறவரை முதல் பக்கத்திலேயே இடறிவிடும் சொல் ‘கான்ஃபெடரேஷன்’. வட அமெரிக்காவில் பிரிட்டனுக்கு உட்பட்டிருந்த கனடா மாகாணம், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் ஆகிய மூன்று குடியேற்றங்கள் 1867 ஜூலை 1 அன்று ஒரே நாடாக இணைந்தன. கனடா மாகாணம் ஒன்டாரியோ, கியூபெக் என இரண்டாகப் பிரிக்கப்பட்டதால், புதிய நாடு நான்கு மாகாணங்களோடு தொடங்கியது. இந்த நிகழ்வைத்தான் அந்நாட்டவர் கான்ஃபெடரேஷன் என்கின்றனர். தமிழில் இதற்குச் சிலர் கூட்டமைப்பு என்றும், சிலர் கூட்டாட்சி என்றும், இலங்கை வழக்கைப் பின்பற்றுவோர் சமஷ்டி என்றும் எழுதுகின்றனர். மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல. எதைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த இணைப்பில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது வாசகருக்குப் புலப்படும், அல்லது மறைந்துபோகும்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘ஃபோடஸ்’ என்றால் உடன்படிக்கை. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிடெஸ்’ அதன் உறவுச் சொல். முன்னொட்டான ‘கான்’ ஒருங்கே என்னும் பொருளது. ஆகவே உடன்படிக்கையால் ஒருங்குசேர்தல் என்பதே கான்ஃபெடரேஷனின் வேர்ப்பொருள். தமிழில் உடன்படிக்கை என்பது உடன்படு என்னும் வினையிலிருந்து பிறந்தது. உடம்படுதல் என்பதும் அதுவே. இலக்கணத்தில் உடம்படுமெய் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘மணி’, ‘அடித்தான்’ என்னும் இரு சொற்களின் உயிர்கள் தாமாக ஒட்டா; நடுவே ஒரு யகரம் வந்து ‘மணியடித்தான்’ என்று இரண்டையும் உடம்படுத்துகிறது. இரண்டு உயிர்களும் அழிவதில்லை, ஒன்று மற்றொன்றை விழுங்குவதும் இல்லை. உடன்படிக்கை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உவமை எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் 1867இல் உடன்பட்டவர்கள் யார்? 1864 செப்டம்பரில் ஷார்லட்டவுனிலும் அக்டோபரில் கியூபெக் நகரிலும் 1866 இறுதியில் லண்டனிலும் கூடிப் பேசிய குடியேற்ற அரசியலாளர்களே. அவர்களுள் 36 பேரைக் கனடா ‘கான்ஃபெடரேஷனின் தந்தையர்’ என்று போற்றுகிறது. முதல் மாநாடு நடந்த இளவரசர் எட்வர்டு தீவு, மிக்மாக் மக்களின் நிலம். அந்த மாநாட்டிலோ அடுத்த இரண்டிலோ மிக்மாக் மக்களுக்கும் இருக்கை இல்லை, வேறு எந்த முதற்குடியினருக்கும் இல்லை.

அழைக்கப்படாத அம்மக்கள், புதிய நாட்டை அமைத்த 1867ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கே வருகிறார்கள் என்று தேடினால், 91ஆம் பிரிவில் வருகிறார்கள். நடுவண் அரசின் அதிகாரங்களை எண்ணிட்டு அடுக்கும் பட்டியல் அது. 22ஆவது கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை, 23ஆவது பதிப்புரிமை, 24ஆவது ‘இந்தியரும் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும்’, 25ஆவது குடியுரிமை வழங்கலும் அயலாரும். பதிப்புரிமைக்கும் அயலாருக்கும் நடுவே ஒரு வரியில், அந்த மண்ணின் மக்கள் நிர்வகிக்கப்பட வேண்டிய ஒரு பொருளாக எழுதப்பட்டிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன், 1763இல் மூன்றாம் ஜார்ஜ் வெளியிட்ட அரச அறிக்கை, அதே மக்களை மன்னரோடு தொடர்புடைய ‘நாடுகள் அல்லது குலங்கள்’ என்று குறித்தது. அவர்கள் நிலத்தைத் தனியார் எவரும் வாங்கலாகாது, அவர்கள் கூடும் பொது அவையில் மன்னரின் பெயரால் மட்டுமே வாங்கலாம் என்றும் விதித்தது. நாடு என்று அழைக்கப்பட்டவர்கள் நூறாண்டில் பட்டியலின் ஓர் எண்ணாக ஆக்கப்பட்டதை, கான்ஃபெடரேஷன் என்ற சொல்லை விளக்கும் எவரும் விட்டுவிடக் கூடாது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். அரசியல் கலையில் கூட்டமைப்பு என்பது, உறுப்பு நாடுகள் தத்தம் இறைமையைக் கையில் வைத்துக்கொண்டு சில பணிகளுக்காக மட்டும் சேர்வது. கனடா அப்படி அமையவில்லை. பட்டியலில் வராத அதிகாரங்கள் பெரும்பாலும் நடுவண் அரசுக்கே விடப்பட்டன. மாகாணங்களின் துணைநிலை ஆளுநர்களை அதுவே அமர்த்தியது. மாகாணச் சட்டங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அதற்கு இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரையும் ‘கூட்டாட்சி முறையில்’ இணைய விரும்பியதாகவே கூறுகிறது. எனவே பெயர் கான்ஃபெடரேஷனாக இருந்தாலும் ஆட்சிமுறை கூட்டாட்சி. ஆனால் கூட்டாட்சி என்பது முறையின் பெயர், கனடியர் சொல்லும் கான்ஃபெடரேஷனோ ஒரு நிகழ்வின் பெயர். ‘கூட்டாட்சி நடந்தது’ என்று எழுதினால் தமிழ் நிற்காது.

சமஷ்டி நம்மிடையே ஆழ வேரூன்றிய சொல். 1949இல் தோன்றிய இலங்கைத் தமிழ் அரசுக் கட்சியை மக்கள் சமஷ்டிக் கட்சி என்றே சொல்லிப் பழகினர். வடமொழியில் அதற்கு முழுமை, மொத்தம் என்பது பொருள். தனி என்னும் பொருளுடைய வியஷ்டிக்கு எதிர்ச்சொல். அதில் உடன்படிக்கை என்னும் கருத்து இல்லை. மலேசியத் தமிழர் வழங்கும் கூட்டரசு அழகான சொல். அதுவும் அரசைத்தான் குறிக்கிறது, இணைந்த நிகழ்வை அன்று.

கூட்டமைப்பு என்னும் சொல் அப்படியே பொருந்தும் இடம் ஒன்று அதே மண்ணில் இருக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து நாடுகள், ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே, பேரமைதிச் சட்டம் என்னும் வாய்மொழி அரசமைப்பின்கீழ் ஹோடனோசௌனி கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டஸ்கரோரா ஆறாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் உள் விவகாரங்களைத் தானே பார்த்துக்கொண்டது. அவர்கள் உடன்படிக்கைகளைச் சிப்பி மணிகளால் கோத்த பட்டைகளில் பதிந்து வைத்தனர். அவற்றுள் ஒன்றில், வெண்மணிப் பரப்பின்மேல் இரண்டு ஊதா வரிகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று முதற்குடியினரின் ஓடம், மற்றது வந்தவர்களின் கப்பல். இரண்டும் ஒரே ஆற்றில் பக்கம் பக்கமாகச் செல்லும், ஒன்றின் சுக்கானை மற்றொன்று பிடிக்காது. அந்தக் கூட்டமைப்பின் மரபுவழி அவையை அகற்றிவிட்டு, ‘ஆறு நாடுகள்’ எனப்படும் ஒதுக்கீட்டு நிலத்தில் தேர்தல் வழி அவையை 1924இல் நிறுவியது கனடா அரசு.

அதற்கான அதிகாரம் அந்த 24ஆம் எண்ணிலிருந்து கிளைத்தது. 1876இல் வந்த இந்தியர் சட்டம், யார் முதற்குடியினர் என்பதையே அரசு முடிவு செய்யும் நிலையை உண்டாக்கியது. வெளியாரை மணந்த பெண் தன் தகுதியை இழந்தாள்; 1985இல்தான் அது திருத்தப்பட்டது. மேற்குக் கடற்கரை மக்களின் பொட்லாட்ச் கொடைவிழாவுக்கு 1884இல் விதிக்கப்பட்ட தடை 1951 வரை நீடித்தது. 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காக அரசின் அனுமதியின்றி நிதி திரட்டுவதும் குற்றமாயிருந்தது. உறைவிடப் பள்ளிகளுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கொண்டு செல்லப்பட்டனர். ஒதுக்கீட்டு நிலத்திலேயே பள்ளி வைப்பதாகத்தான் பல உடன்படிக்கைகளில் வாக்களிக்கப்பட்டிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அம்மண்ணின் மக்களைக் கேளாமலே நடந்த இந்த இணைப்பில் ஒரு விலக்கு உண்டு. ஹட்சன் பே கம்பெனியின் பிடியிலிருந்த, ஹட்சன் விரிகுடாவைச் சூழ்ந்த பெரும்பரப்பான ரூபர்ட்ஸ் நிலத்தை 3,00,000 பவுனுக்குக் கனடா வாங்கியபோது, அங்கு வாழ்ந்த எவரிடமும் கேட்கவில்லை. முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தோரான செவ்வாற்றுக் கரையின் மெட்டி மக்கள் லூயி ரியேல் தலைமையில் இடைக்கால அரசு அமைத்துப் பேச்சு நடத்தியதால்தான் 1870இல் மனிடோபா ஒரு மாகாணமாகச் சேர்ந்தது. மெட்டி குழந்தைகளுக்கென 14 லட்சம் ஏக்கர் அப்போது உறுதியளிக்கப்பட்டது. அதை நேர்மையாக நிறைவேற்ற அரசு தவறியது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ரியேல் 1885இல் தூக்கிலிடப்பட்டார்.

மக்களைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். நம் பழைய பாடநூல்களில் படித்த ‘செவ்விந்தியர்’, கொலம்பஸின் பிழையோடு தோல் நிறத்தையும் சேர்த்துக்கொண்ட பெயர், அதைக் கைவிடலாம். கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசமைப்பின் 35ஆம் பிரிவு, இந்தியர், வடதுருவப் பகுதியின் இனுயிட், மெட்டி என மூவரையும் அடக்கிய ‘அபாரிஜினல்’ என்னும் சொல்லை ஆள்கிறது. மூவரையும் சேர்த்துச் சொல்லத் தொல்குடிகள் என்றும், இனுயிட், மெட்டி அல்லாதாரை முதற்குடிகள் என்றும் பிரித்து வழங்குவது பொருந்தும்.

என் பரிந்துரை இதுதான். 1867 நிகழ்வுக்குக் கூட்டிணைவு, அதனால் அமைந்த ஆட்சிமுறைக்குக் கூட்டாட்சி, ஹோடனோசௌனி போன்றவற்றுக்குக் கூட்டமைப்பு. உடன்படிக்கை என்னும் சொல்லைக் கூட்டிணைவுக்குள் புகுத்தாமல், முதற்குடிகளோடு செய்துகொண்டவற்றுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். 1871 முதல் 1921 வரை எண்ணிட்டுக் கையெழுத்தான 11 உடன்படிக்கைகளை ‘ஒப்பந்தம்’ என்று எழுதினால், அவை நிலம் விற்ற பத்திரம்போல் ஒலிக்கின்றன. அரசின் ஏட்டில் நிலம் முழுவதும் விட்டுக்கொடுக்கப்பட்டதாகவே உள்ளது. ஆனால் ஏர் கிழிக்கும் ஆழம் வரை மட்டும் பகிர்ந்துகொள்ள இசைந்தோம் என்று மேற்குச் சமவெளியின் மூப்பர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவற்றின்படி ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் இன்றும் வழங்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொகை மாறவில்லை. உடன்படிக்கை நாளில் மக்கள் வரிசையில் நிற்க, செந்நிறச் சீருடை அணிந்த காவலர் அருகிருக்க, அரசு அலுவலர் பெயரைச் சரிபார்த்து ஒற்றை 5 டாலர் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறார்.